சவப்பெட்டியும் பதினாறு பெட்டி தோடம்பழமும்

"யார் இதை இறக்கச் சொன்னது?" என்று சுப்பர்வைசர் லூக் கத்தியபோது எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் வருடங்கள் அவை. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜிலிருந்து இரண்டு பஸ் பிடித்து விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகைக்குப் போவேன். சின்னக் கொம்பனி. வடக்கே பனிப் பிரதேசத்தில் றோட்டே இல்லாத கிராமங்களுக்கு எங்கள் விமானம்தான் பஸ், லொறி, தபால்காரன் எல்லாம். முன்பாதியில் சரக்கு, பின்பாதியில் ஆட்கள், நடுவில் ஒரு தடுப்பு. டயப்பரையும் ஸ்கிடூ என்ற பனிவண்டியின் பெல்ட்டையும் பிறந்தநாள் கேக்கையும் ஒன்றாக ஏற்றச் சொல்வார்கள். எது எதற்கு என்று ஒன்றும் பிடிபடாது. தலையை ஆட்டிக்கொண்டு ஏற்றுவேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது கிழமை ஒரு சவப்பெட்டி வந்தது. மொன்றியல் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்து இறந்துபோன ஒரு கிழவர். அவருடைய மனைவி லூசியும் அதே விமானத்தில் ஊர் திரும்புகிறார். அடுத்த நாள் அடக்கம்.

லூக் எல்லாவற்றையும் ஏற்றி முடித்து, வலை கட்டும் வேலையை என்னிடம் விட்டுப் போனார். உள்ளே ஏறிப் பார்த்தேன். ஒரு முனையில் சவப்பெட்டி. மறுமுனையில் பதினாறு பெட்டி தோடம்பழம், இங்கே ஒறேஞ்ச் என்பார்கள்.

எனக்குப் பகீரென்றது. நான் மட்டக்களப்பான். பிரேதம் எடுக்கும்வரை வீட்டில் உலை வைக்காத குடும்பம். சாப்பாட்டுச் சாமானைப் பிரேதத்தோடு அனுப்புவதா? செத்தவருக்கும் மரியாதையில்லை, சாப்பிடப் போகிறவர்களுக்கும் கூடாது. லூக் கவனிக்கவில்லை என்றே நினைத்தேன். பதினாறு பெட்டியையும் நானே இறக்கினேன். எடை குறையக் கூடாதென்று அடுத்த விமானத்துக்கு வைத்திருந்த வண்டி ரயர்களை அந்த இடத்தில் ஏற்றினேன். அவ்வளவு பொறுப்பானவன்!

எதை எங்கே ஏற்றினோம் என்ற லோட் ஷீட்டோடு வந்த லூக் ரயரையும் கீழே கிடந்த பெட்டிகளையும் பார்த்ததும்தான் அந்தக் கத்தல்.

என்னோடு வேலை செய்த அந்தோனி அண்ணை, மன்னார்க்காரர், ஓடி வந்தார். "டேய் தம்பி, என்ன வேலையடா செய்து வைச்சிருக்கிறாய்?"

"துடக்கு அண்ணை. பிரேதத்தோட பழம் போகலாமே?"

"சாப்பாட்டுச் சாமானைத் தள்ளி வை எண்டுதான் சட்டம். அவன் தள்ளித்தானே வைச்சிருக்கிறான். உன்னை ஆர் இறக்கச் சொன்னது?"

அதற்குள் லூசி கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார். கட்டையான, வெள்ளைத் தலைமுடிப் பெண். தரையில் அடுக்கியிருந்த பெட்டிகளில் தன் பெயரைப் பார்த்தார். கோபம் வரவில்லை. அவருக்கும் என்னைப்போல் ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

"இவை ஏன் கீழே இருக்கின்றன?" என்று மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார்.

லூக் நேரத்தைப் பார்த்தார். பின்னேரம் லூசியின் ஊரில் பனிமூட்டம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பிந்தினால் இறங்க முடியாமல் விமானம் திரும்பி வரும். "மேடம், பழங்கள் வியாழக்கிழமை வரும். இப்போது நீங்கள் போங்கள்."

லூசி அசையவில்லை. "இவை என்னுடையவை அல்ல, அவருடையவை. சுகமாகி ஊருக்குப் போகும்போது எல்லா வீட்டுக்கும் தோடம்பழம் கொண்டுபோவேன் என்று கட்டிலில் கிடந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். நாளை அடக்கம் முடிந்து ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அவர் வெறுங்கையோடு வருவதா?"

எனக்கு அழுகை வந்தது. மரியாதை என்று நினைத்து அந்த மனிதரின் கடைசி வாக்கைத் தரையில் இறக்கி வைத்திருக்கிறேன்.

"நான்தான் இறக்கினேன். நானே ஏற்றுகிறேன்" என்றேன். லூக் திட்டிக்கொண்டே ரயரை உருட்டத் தொடங்கினார். மூன்று பேருமாக ஏற்றினோம். அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் வேலை செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

கடைசிப் பெட்டியை லூசி நிறுத்தினார். மூடியைக் கிளப்பி ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். "சாப்பிடு" என்றார். பின்னால், திறந்த கதவுக்குள், சவப்பெட்டி தெரிந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தோனி அண்ணையைப் பார்த்தேன்.

"தின்னடா. அந்த மனிசன் தாறார்" என்றார்.

உரித்துத் தின்றேன். லூசி பார்த்துக்கொண்டே நின்று, நான் முடித்த பிறகுதான் படியேறினார். பனிமூட்டத்துக்கு முன்னால் விமானம் இறங்கிவிட்டது என்று பின்னேரம் லூக் வந்து சொன்னார்.

பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஏற்றியிருக்கிறேன். இன்றும் வடக்குக்குப் போகும் பாதிச் சாமான் எதற்கென்று எனக்குத் தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: விளங்காவிட்டால் பரவாயில்லை, இறக்குவதற்கு முன் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார், அந்த ஆளிடம் போய்க் கேள். அன்று லூசி இருபதடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.