பஸ் தரிப்பிடத்திலை படிச்ச நாலு பேர்

நாங்கள் நாலு பெட்டையள் சாதாரணதரச் சோதினைக்குச் சேர்ந்து படிச்சது புளியங்கூடல் பஸ் தரிப்பிடத்திலை. சிரிக்காதேங்கோ. வீட்டிலை கொப்பியை விரிச்சால், ஆட்டுக்குக் குழை ஒடிச்சுக்கொண்டு வா எண்டு கலைச்சுப்போடுவினம். தரிப்பிடத்திலை நிழல் இருக்கு, குந்தியிருக்கச் சீமெந்து வாங்கு இருக்கு, சுவரிலை கரியாலை கணக்கும் போடலாம்.

ஒரேயொரு கரைச்சல் பஸ்தான். எங்களைக் கண்டிட்டு ஒவ்வொரு தரமும் நிப்பாட்டுவினம். நாங்கள் "போங்கோ, போங்கோ" எண்டு கையை ஆட்டுவம். ஒருநாள் கொண்டக்டர் அண்ணைக்குப் பொறுமை போட்டுது. "உங்களுக்கென்ன விசரே பிள்ளையள்? இனி நிப்பாட்டமாட்டம், இருந்து படியுங்கோ!" எண்டு கத்தினார். எங்களுக்கு நிம்மதியாப் போச்சு.

கணக்குக்கு வாத்தியார் நான்தான். என்ர வாய் அப்பிடி. எங்களிலை மூத்தவளுக்குக் கணக்கு ரெண்டு தரம் கவிண்டு போச்சு. அவளுக்கு நேர்ஸாக வேணும் எண்டு ஆசை. இந்தமுறையும் விட்டால் யாழ்ப்பாணத்திலை புடவைக்கடை வேலைதான் எண்டு தேப்பன் சொல்லிப்போட்டார்.

கணக்குச் சோதினை அண்டைக்கு ஊர்காவற்றுறைக்குப் போக விடியவே தரிப்பிடத்துக்கு வந்திட்டம். பஸ் வரேக்கை நாலுபேரும் எழும்பிக் கையை ஆட்டினம். கொண்டக்டர் அண்ணையும் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சு, கையை ஆட்டிக்கொண்டு போட்டார்!

ஐயோ அம்மாளாச்சி! மூத்தவள் றோட்டிலை குந்தியிருந்து ஓவெண்டு அழுதாள். அந்தநேரம் பாத்து மீன் விக்கிற அண்ணை ஒராள் மோட்டச்சைக்கிளிலை வந்தார். ஒருத்திக்குத்தான் இடம். ஆர் போறதெண்டு நாங்கள் கதைக்கவே இல்லை. மூண்டுபேருமாத் தூக்கி, அவருக்கும் மீன்பெட்டிக்கும் நடுவிலை அவளைச் செருகிவிட்டம். நாங்கள் பிறகு அந்தப் பக்கம் வந்த ஒரு உழவு மிசினை மறிச்சு, அதின்ர பெட்டியிலை குலுங்கிக் குலுங்கி, கதவு சாத்துறதுக்குச் சற்று முந்திப் போய்ச் சேந்தம். அவள் எங்கை இருக்கிறாள் எண்டு தேடத் தேவையில்லை, மீன் மணம் காட்டிக்குடுத்துது.

அவள் பாஸ். மற்ற ரெண்டுபேரும் பாஸ். வாத்தியார்தான் பெயில். மிசின் குலுக்கினதிலை எல்லாம் மறந்து போச்செண்டு வீட்டிலை சொன்னனான். பச்சைப் பொய். மற்றவைக்குச் சொல்லிக்குடுக்கிற சந்தோசப் புளுகத்திலை, ஒரு கணக்கையும் நான் கடைசிமட்டும் போட்டுப் பாக்கேல்லை.

அவள் உயர்தர வகுப்புக்கு வெளிக்கிட்ட முதல்நாள், பஸ் வந்து தரிப்பிடத்திலை நிண்டுது.

"என்ன பிள்ளையள், ஏறுறியளோ, படிக்கிறியளோ?" எண்டு கொண்டக்டர் அண்ணை கேட்டார்.

அவள் ஏறினாள். மற்ற ரெண்டுபேரும் அவளுக்குப் பின்னாலை ஏறிச்சினம். கணக்குக் கொப்பியிலை இருந்து தலையை நிமித்தாமல் "போங்கோ, போங்கோ" எண்டு கையை ஆட்டினன்.