போயாவுக்கு முந்திய கிழமை

எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முறிந்துபோனது. ஆனால் சிங்களம் மட்டும் தண்ணீர் மாதிரி வரும். இன்றைக்குக் கொழும்பின் காலி வீதியில் என் துணிக்கடைக்கு மேலே இன்னொரு மாடி எழும்பியிருக்கிறது என்றால் அதற்கு என் வாய்தான் காரணம். பட்டம் பெற்ற என் அண்ணன்மார் இன்றும் ஒரு கந்தோருக்குள் நுழைவதென்றால் என்னைத்தான் முன்னால் விடுகிறார்கள். அந்த வாய் முதன்முதலில் பெரிய வேலை ஒன்று பார்த்தபோது எனக்குப் பத்து வயது. அன்றைக்கு என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கவில்லை. கேட்டவர்கள் விறைத்துப்போய் நின்றது மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

யுத்த காலம். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்பக்க அனெக்சில் இருந்தோம். இரண்டே அறைகள். அதற்குள் அம்மா, அப்பா, பிள்ளைகள் நாங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த அம்மாவின் தமையனான மாமா, அம்மாவின் தங்கையான சின்னம்மா. அப்பா காலையில் வேலைக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார். ஆகவே வீட்டை ஆண்டது மாமா. தெற்கே வந்து இத்தனை காலமாகியும் சிங்களத்தில் அவருக்குத் தெரிந்தது "ஹரி சார்", அதாவது சரி சார், என்ற இரண்டு சொற்கள்தான். ஆனால் தமிழில் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

சின்னம்மா ஒரு கொம்பனியில் தட்டெழுத்து வேலை பார்த்தார். தும்மினால்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம் மன்னிப்புக் கேட்கிற பிறவி. அப்படிப்பட்டவர் ஒருநாள் இடியப்பத் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். மாமா சொதியில் உப்புக் குறைவு என்று சொன்னார். அவ்வளவுதான்.

"உப்பு வேணுமெண்டால் கடல் பக்கத்திலதான் கிடக்கு. போய்க் குடியுங்கோ."

இடியப்பம் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு சின்னம்மா அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழத் தொடங்கினார். ஏன் அழுகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, தெரியாது என்றார். சொன்ன விதத்தில், உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை என்று எனக்குப் பட்டது. அதுதான் என்னைக் கூடுதலாகப் பயப்படுத்தியது.

இரண்டு மூன்று நாளில் பழைய சின்னம்மா திரும்பி வந்துவிட்டார். ஆனால் அடுத்த மாதமும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த மாதம் மாமாவின் ரேடியோ நிலத்தில் கிடந்தது. மாமா சுவரில் தொங்கிய கலண்டருக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பூரணை விடுமுறையான போயா நாளுக்கெல்லாம் அதில் நிலவுப் படம் போட்டிருக்கும்.

"பாத்தியே பிள்ளை," என்றார் அம்மாவிடம். "ஒவ்வொருமுறையும் பூரணைக்கு முதல்தான் ஆடுறாள். இது நோய் வருத்தமில்லை. ஏதோ பிடிச்சிருக்கு."

அம்மாவும் தலையாட்டினார். மாதத்துக்கு ஒருமுறை வருவது பூரணை ஒன்றுதான் என்பதுபோல அந்த வீட்டில் எல்லோரும் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மாமா தீர்ப்பும் சொன்னார். கொட்டாஞ்சேனையில் பேய் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அடுத்த போயாவுக்கும் இப்படி ஆடினால் சின்னம்மாவை அவரிடம் கொண்டுபோவது. அதோடு, கனடாவில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளைக்கும் வேண்டாம் என்று அறிவித்துவிடுவது.

"விசர்ப் பெட்டையைத் தலையில கட்டிப்போட்டாங்கள் எண்டு நாளைக்கு எங்களை ஏசுவாங்கள்," என்றார்.

பேய் ஓட்டுகிறவர் வேப்பங்குழையால் அடிப்பாராம். பேய் தன் பெயரைச் சொல்லும்வரை நிறுத்தமாட்டாராம். ஒழுங்கைப் பிள்ளைகள் இதை எனக்கு விரல் மடக்கிச் சொன்னார்கள். சின்னம்மாவுக்குள் பேய் இல்லாவிட்டால் யாருடைய பெயரைச் சொல்வார் என்று கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை.

அந்தக் கிழமையே சின்னம்மா வேலை முடிந்து பொரளைப் பக்கம் ஒரு பெண் டொக்டரிடம் போய் வந்தார். வீட்டில் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஆள் மாறிப்போனார். காலை, பத்து மணி, மாலை என்று பிளேன்டீயில் நீந்தியவர் அதைத் தொடாமல் விட்டார். பதிலாகக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்தார். ஊறுகாய்ப் போத்தலையும் கருவாட்டையும் தன் பக்கத்திலிருந்து தள்ளிவைத்தார். முருங்கையிலை வறை, வாழைப்பழம், எள்ளும் சர்க்கரையும் இடித்த உருண்டை என்று நேரத்துக்குச் சாப்பிட்டார். வெள்ளனப் படுத்தார். மாமா இதையெல்லாம் பார்த்து, பிள்ளை விரதம் பிடிக்கிறாள், பேய் பயந்து போய்விடும் என்று திருப்திப்பட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய மருந்து நடை. பின்னேரத்தில் கடலோரம், ரெயில் பாதையை ஒட்டி விசுக்கு விசுக்கென்று நடக்க வேண்டும். குமர்ப்பிள்ளை தனியாக நடந்தால் ஊர் கதைக்கும் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். இரண்டு பேர் நடக்கிற வேகமா அது. நான் ஓடினேன்.

"இது கெதியில சரிவராதடி," என்று ஒருநாள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "ரெண்டு மூண்டு மாதமாவது பொறுக்கச் சொன்னவ டொக்டர்."

"போயா வாற கிழமையெல்லோ?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

ரெயில் பாதைப் பக்கம் மண்மூட்டை அடுக்கிய ஆமிக் காவலரண் ஒன்று இருந்தது. நாங்கள் அதைக் கடந்து போய், கடந்து திரும்பி வருவோம். போயாவுக்கு இரண்டு நாளைக்கு முன்பு, அங்கே நின்ற ஆமிக்காரன் துவக்கைக் குறுக்கே நீட்டி எங்களை மறித்தான். அந்த நாட்களில் நகரத்தில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு ஒரு பெட்டை நாள்தோறும் ஒரே நேரத்தில் காவலரணைத் தாண்டிப் போய்வருவதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள். அவர்களும் நாள் எண்ணியிருக்கிறார்கள். இங்கே எதை அளக்கிறாய், போயாவன்று என்ன செய்யப்போகிறாய் என்று அவன் சிங்களத்தில் கேட்டான். சின்னம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

இப்படி மறிக்கப்பட்டு வீட்டுக்குத் திரும்பாதவர்கள் ஒழுங்கைக்கு ஒருவர் இருந்த காலம் அது. சின்னம்மாவைப் பார்த்தேன். அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். ஆனால் இடியப்பத் தட்டு பறந்த அன்றும் இப்படித்தான் நடுங்கினார். பயத்தில் அல்ல.

"இவருக்குச் சொல்லடி. நான் சொல்றதில ஒண்டும் விடாமல் சொல்லு. எனக்கு மாதச் சுகயீனம் வரப்போகுது. அதுக்கு முதல் ஒரு கிழமை நெஞ்சு பதறும், மார் நோகும், காரணமில்லாமல் அழுகை வரும், ஆரைக் கண்டாலும் அடிக்கவேணும் போல இருக்கும். நடந்தால் குறையுமெண்டு டொக்டர் சொன்னவ. வீட்டில ஆக்களை அடிக்காமலிருக்கத்தான் இஞ்ச நடக்கிறன். இன்னும் கொஞ்ச நேரம் மறிச்சால் இவருக்குத்தான் விழும்."

மாதச் சுகயீனம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அதனால் எனக்குக் கூச்சமும் இல்லை. பெண்களுக்கு மாதாமாதம் வருகிற வருத்தம் என்று சிங்களத்தில் போட்டேன். பள்ளிக்கூட மேடையில் பேச என்னை ஒருநாளும் விட்டதில்லை. ஆகவே அன்று கிடைத்த மேடையை நான் வீணாக்கவில்லை. கடல் இரைச்சலுக்கு மேலால், மண்மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, மார் நோவதையும் விடாமல், விழப்போகிற அடியையும் விடாமல், ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தேன்.

துவக்கு மெல்லக் கீழே இறங்கியது. அந்த இளம் ஆமிக்காரனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. அவன் கடலைப் பார்த்தான். பின்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவன் கோப்பையை வாயில் வைத்தபடியே நின்றான். துவக்கோடு நிற்கிற ஆம்பிளைகள் நிலத்தைப் பார்த்து நிற்பதை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். அடிக்கப்போவதாகச் சொன்னதில்தான் பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

தலை நரைத்த சார்ஜன்ட் ஒருவர் எழுந்து வந்தார். சின்னம்மாவை ஒரு கல்லில் உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து ஆம்பிளை ஒருவரைக் கூட்டி வா என்று என்னை அனுப்பினார். நான் ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று போனது. மாமா சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு, கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

சார்ஜன்ட் அவரிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

"ஹரி சார்," என்றார் மாமா.

சார்ஜன்ட் மறுபடி சொன்னார்.

"ஹரி சார், ஹரி சார்."

சார்ஜன்ட் என் பக்கம் திரும்பினார். நீ சொல்லு நங்கி, தங்கச்சி, இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றார்.

சொன்னேன். "மாமா, சின்னம்மாவுக்கு மாதச் சுகயீனத்துக்கு முதல் வாற கோவமாம் இது. பேயில்லையாம். இந்தச் சார்ஜன்டின்ர மனுசிக்கும் இப்பிடித்தானாம். போன மாதம் சோத்துப் பானையை முத்தத்தில எறிஞ்சவவாம். அந்த நாளில ஆம்பிளையள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கட்டாம். சாப்பாட்டில பிழை சொல்லவே கூடாதாம்."

பேயில்லை என்பது சார்ஜன்ட் சொன்னதல்ல. அது நான் சேர்த்தது.

மாமாவின் முகத்திலிருந்து இரத்தம் முழுக்க எங்கோ போய்விட்டது. தன் கூடப்பிறந்தவர்களே முகத்துக்கு நேரே சொல்லத் துணியாததை, காற்சட்டை அளவு உயரமுள்ள மருமகளின் வாயால், ரெயில் பாதையில், இத்தனை துவக்குகளுக்கு நடுவே கேட்டுக்கொண்டு நின்றார். என்னை அறையக் கை துடித்தது தெரிந்தது. ஆனால் சார்ஜன்ட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹரி சார்," என்றார் கடைசியாக.

இனிமேல் காவலரணைத் தாண்டாமல் அதற்கு முன்னால் இருக்கும் மதகோடு திரும்பி நடக்கட்டும் என்று சொல்லி அவர்கள் எங்களை விட்டுவிட்டார்கள். மாமா முன்னால் நடந்தார். திரும்பியே பார்க்கவில்லை. பின்னால் வந்த சின்னம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தார். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அழுதார்.

அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துப்போய் நடந்ததைப் பிடுங்கி எடுத்தார். "ஐயோ, ஆமிக்காரனுக்கே? உனக்கு வாய் கூசேல்லையேடி?"

"என்னத்துக்குக் கூச? சரியாத்தானே சொன்னனான்."

அம்மா அடுப்படியில் குந்தி, சின்னம்மா சொன்னதை இன்னொருமுறை ஒன்றும் விடாமல் சொல்லச் சொன்னார்.

போயா வந்தது. சின்னம்மாவுக்குக் கோபமும் வந்தது, வராமலில்லை. சட்டி மூடியைப் படாரென்று வைத்தார், அவ்வளவுதான். மாமா தட்டைத் தூக்கிக்கொண்டு வெளிப்படியில் போய் இருந்து சாப்பிட்டார். "சொதி நல்லாயிருக்கு," என்று ஒருவரும் கேளாமலே அங்கிருந்து குரல் கொடுத்தார். கொட்டாஞ்சேனை என்ற ஊரின் பெயரை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. கனடாவுக்கும் மறுப்புப் போகவில்லை. வீட்டுப் பெண்கள் நூறுமுறை சொல்லியிருந்தாலும் ஏறியிராத ஒன்று, சீருடை போட்டவர் ஒருமுறை சொன்னதும் ஏறிவிட்டது.

அடுத்த மாதம் நாங்கள் நடக்கப் புறப்பட்டபோது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"நானும் வாறன்."

சின்னம்மா அம்மாவைப் பார்த்தார், வழிவிட்டார். மதகு வரைக்கும் அம்மா நடந்த வேகத்துக்குச் சின்னம்மாவாலேயே ஈடுகொடுக்க முடியவில்லை. மதகில் கைகளை ஊன்றி நின்று கடலைப் பார்த்து மூச்சு விட்டார். கண் கலங்கியிருந்தது. உப்புக் காற்று என்றார். சின்னம்மா போய் அவரது முதுகைத் தடவிவிட்டார்.

மாமாதான் அம்மாவை உளவு பார்க்க அனுப்பியிருக்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. திரும்பி வருகிற வழி முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.