ரீட்டா அக்காவின் கல்யாணக் கார்

எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இளஞ்சிவப்புத் தூள் படிந்திருக்கும். துருப்பிடித்த கார்த் தகட்டின் ஓட்டைகளை அடைத்த 'புட்டி'யைப் பெரியப்பா உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கப் பறந்த தூள் அது; வாயைத் திறந்தால் நாக்கில் லேசாகக் கசக்கும்.

அது அமெரிக்க மஸ்டாங் கார். மலேசியாவில், எங்கள் ஊரான கூலாய்க்கு வெளியே ஒரு தோட்டத்துப் பங்களாவின் பின்னால் கொடி மூடிக் கிடந்ததை அப்பாவும் அவருடைய அண்ணன் சூசைப் பெரியப்பாவும் லாரியில் ஏற்றி எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பா செனாயில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். பெரியப்பா லாரிப் பட்டறையில் மெக்கானிக். பெரியம்மா இறந்தபின் பேச்சே குறைந்துபோயிருந்த பெரியப்பா, அந்தக் காரைப் பிரிக்கத் தொடங்கிய பிறகுதான் மறுபடியும் சிரித்தார். மகள் ரீட்டா அக்கா கல்யாணத்தன்று அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

"எப்படிப் பொறந்துச்சோ அப்படியேதான் ஓடணும்" என்பார். எட்டு சிலிண்டர் இன்ஜினை முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துவிட்டு, அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய பிஸ்டன்களுக்காக நான்கு வருடம் காத்திருந்தார். அப்பாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. "ஜப்பான் இன்ஜின் போட்டா ஒரே மாசத்துல ஓடும்ணே, இங்க எல்லாரும் அப்படித்தான் மாத்துறாங்க" என்பார். பெரியப்பா தகட்டைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பெரியப்பா செலவுக்குப் பணம் சேர்க்கச் சிங்கப்பூரில் தங்கி வேலை செய்யப் போனார். கல்யாணத்துக்கு மூன்று வாரமே இருந்தபோதும் பிஸ்டன் வராததால், பழைய ஜப்பான் கார்களை அறுத்து விற்கும் 'ஆஃப்கட்' கடையில் அப்பா ஓர் இன்ஜின் வாங்கிவந்தார். அது உட்காருவதற்காகக் காரின் முன்பக்கத் தாங்கிகளை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தார். பழைய இன்ஜினை, 'பெசி பூரோக்' எனும் பழைய இரும்பு வாங்கும் கடைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். அண்ணனின் ஆசை எப்படியாவது நிறைவேறட்டும் என்றுதான் அப்பா இதைச் செய்தார். "பெரியப்பாவுக்கு சர்ப்ரைஸ். மூச்சு விடாதம்மா" என்றார்.

இன்ஜின் போன மூன்றாம் நாள் பெரியப்பா போன் செய்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

"பாப்பா, உங்கப்பன் இன்ஜின்ல கை வைக்கலதானே?"

"இல்ல பெரியப்பா. அப்படியே இருக்கு."

"நீ சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டார்.

கல்யாணக் காலையில் மல்லிகைச் சரம் கட்டிய காரை அப்பா பெரியப்பா வீட்டு முன்னால் நிறுத்தினார். முந்தின இரவுதான் ஊர் திரும்பியிருந்த பெரியப்பா வேகமாக வெளியே வந்தார்; எட்டு சிலிண்டர் உறுமலுக்குப் பதிலாக மெல்லிய சத்தத்தைக் கேட்டதும் படியிலேயே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக வந்து பானட்டைத் திறந்து பார்த்தார்.

"என் இன்ஜின் எங்கடா அருளு?"

அப்பா சொன்னார். பெரியப்பா பானட்டை மூடிவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். ரீட்டா அக்கா மாப்பிள்ளை வீட்டு வேனில் கோயிலுக்குப் போனாள். விருந்து முடிந்ததும் பெரியப்பா அப்பாவைத் தனியே அழைத்து இரண்டு வார்த்தை பேசினார். அண்ணன் தம்பி பேசிக்கொண்டது அதோடு சரி.

மறுநாள் அப்பாவும் நானும் இரும்புக் கடைக்குப் போனோம். 'சூடா ஹாபிஸ்', எல்லாம் முடிந்துவிட்டது, என்று கடைக்காரர் கையை விரித்தார். இரண்டு வாரம் அங்கேயேதான் கிடந்ததாம். போன வாரம்தான் உடைத்து அனுப்பினார்களாம். போன் வந்த அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அது திரும்பி வந்திருக்கும். அப்பா அந்தக் காரை மறுபடி ஓட்டவில்லை. ஒரு மழைக்காலம் முடிந்தபின் தானே துண்டு துண்டாக வெட்டினார். ஏழு வருடம் கழித்துப் பெரியப்பா ஜொகூர் பாரு மருத்துவமனையில் இறந்தபோது எங்களுக்குக் கடைசியாகத்தான் சொன்னார்கள். கல்லறையில் அப்பா எல்லாருக்கும் பின்னால் நின்றார்.

அந்தப் போன் விஷயத்தைப் போன வருடம்தான் அப்பாவிடம் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார். "அன்னிக்கு விருந்துல சொன்னாரு. 'வண்டி போனாப் போவுது, அந்தப் புள்ள வாயால பொய் சொல்ல வச்சிட்டியேடா'ன்னாரு. இன்ஜினுக்காகன்னா அண்ணன் மன்னிச்சிருப்பாரு."

இருபது வருடத்துக்கு மேலாக அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

கூலாய் வீடு இப்போது வேறொருவருடையது. கார் நின்ற வாசலில் தரை ஓடு பதித்துவிட்டார்கள். ரீட்டா அக்கா கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாழ்த்து அனுப்புவாள். நான் பதில் எழுதத் தொடங்கி, "நலமா" என்பதற்கு மேல் போக முடியாமல் நிறுத்திவிடுகிறேன்.