விழத் தெரிந்தவன்

பந்தாட்டத்தில் பம்பரத்துக்கு இரண்டு திறமைகள். ஒன்று கோல் அடிப்பது, இன்னொன்று விழுவது. எதிரணிக்காரனின் மூச்சுக்காற்று பட்டாலே போதும், இரண்டு சுற்றுச் சுற்றி முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவான். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அணி முன்னிலையில் இருந்து ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கேப்டன் காதைச் சொறிந்தால் பம்பரம் விழ வேண்டும் என்று அர்த்தம். வாரம் முழுக்க டயர் கடையில் லாரிச் சக்கரம் கழற்றுகிறவனுக்கு அதெல்லாம் ஒரு வேலையா என்ன.

அந்தக் கலை வீணாகவும் இல்லை. நர்ஸ் வேலை பார்க்கும் அவன் அக்கா ஞாயிறுதோறும் தெருத்தெருவாக முதலுதவி வகுப்பு நடத்துவாள். அவள் பாடம் சொல்ல, அடிபட்டவன் வேடம் தம்பிக்கு. அவன் முனகலைக் கேட்டுக் கண்கலங்காதவர்கள் குறைவு. கடைசியில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "விழுந்தவன் நடிக்கிறானான்னு யோசிச்சு நிக்காதீங்க, முதல்ல கிட்டப் போங்க" என்பான். ஊருக்குத்தான் உபதேசம்.

அரையிறுதி ஆட்டத்தில் எதிரணி ஒரு கோல் முன்னால் இருந்தது. கடைசி நேரத்தில் உயரமாக வந்த பந்துக்கு அவனும் அவர்களுடைய கோல்கீப்பரும் சேர்ந்து எம்பினார்கள். பம்பரத்தின் முழங்கால் கீப்பரின் விலாவில் இறங்கியது. கீப்பர் சுருண்டு விழுந்து கண்ணை மூடிக்கொண்டான். நடுவர் ஸ்ட்ரெச்சரைக் கூப்பிடக் கையைத் தூக்கினார்.

பம்பரம் குறுக்கே புகுந்தான். "சார், நேரத்தைக் கடத்துறான். பாம்பின் கால் பாம்பறியும், எனக்குத் தெரியாதா?"

நடுவர் சிரித்துவிட்டுக் கையை இறக்கினார். பார்வையாளர்கள் ஊளையிட்டார்கள். கீப்பர் எழவே இல்லை. அவன் உதடு வெளுத்திருப்பதை முதலில் பார்த்ததும் பம்பரம்தான். கத்திக்கொண்டே ஓடி, ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கியவனும் அவனே.

மண்ணீரல் கிழிந்திருந்தது. அறுத்து எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதே பெரிது, இனி ஆட்டத்தை மறந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். பம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் நடந்ததைச் சொன்னான்.

"எங்கிட்ட சொல்லி என்னடா பிரயோஜனம்? அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

மருத்துவமனையில் கீப்பரின் மனைவி அவனைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். "இவரைத் தூக்கிட்டு ஓடினது நீங்கதானாமே. நீங்க நல்லா இருக்கணும்ணே" என்று சொல்லித் தேநீர் வாங்கப் போனாள். பம்பரம் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"தம்பி, அன்னிக்கு நான் நடுவர்கிட்ட..."

"கேட்டுச்சுண்ணே" என்றான் கீப்பர். "கண்ணுதான் திறக்க முடியல. காது நல்லாக் கேட்டுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அவகிட்ட சொல்லல. நானும் எத்தனை தடவை பொய்யா விழுந்திருக்கேன். உங்க இடத்துல இருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பம்பரத்துக்கு. சும்மா இருந்துவிட்டால் விஷயம் இதோடு போய்விடும். கீப்பரே வழி விட்டுவிட்டான்.

அவள் வந்து தேநீரைக் கையில் கொடுத்தாள். "சர்க்கரை போதுமாண்ணே?"

"தூக்கினது நான்தாம்மா" என்றான் அவன். "அதுக்கு முன்னாடி ஸ்ட்ரெச்சரை வரவிடாம நிறுத்தினதும் நான்தான். நடிக்கிறான்னு சொன்னேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் பம்பரத்தின் கையிலிருந்த தேநீரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.