சாமி முன்னாடி வச்ச ஸ்டென் துப்பாக்கி

அந்தத் துப்பாக்கிய மொதல்ல பாத்தப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அடுப்பூதுற குழலுக்குக் கட்டை மாட்டிவிட்டாப்புல இருந்துச்சு. இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்னு எங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். அவரு பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பாக்குற பட்டறையில இருந்துட்டு, சண்டை முடிஞ்சு சின்னமனூருக்குத் திரும்பின சமயம். "சிரிக்காத புள்ள. இதுக்குப் பேரு ஸ்டென்னு. இதைவிடக் கேடுகெட்ட சாமான் கெடையாது"ன்னாரு.

அத வாங்கினவரு எங்க ஊருப் பண்ணையாரு. சண்டை முடிஞ்ச கையோட யாருகிட்டயோ திருட்டுத்தனமா வாங்கியிருந்தாரு. மேகமலை அடிவாரத்துல கரும்பப் பன்னி அழிக்குதுன்னு பேச்சு. பன்னியாவது ஒண்ணாவது! ஊரு பாத்து நடுங்கணும், அம்புட்டுதான். என் தம்பி அவருகிட்டக் காவக்காரனா இருந்தான். எண்ணெ போட்டுக் குடுக்கச் சொல்லி, சாக்குல சுத்தி அவன்கிட்டயே குடுத்துவிட்டிருந்தாரு.

எங்க வீட்டுக்காரரு அதப் பிரிச்சுப் போட்டுக்கிட்டே அதோட கதையச் சொன்னாரு. வெள்ளைக்காரன் ஜெர்மன்காரன்கிட்ட அடி வாங்கிக் கடல் தாண்டி ஓடுனப்ப, துப்பாக்கியெல்லாம் கரையிலேயே போட்டுட்டு ஓடிட்டானாம். அவசரத்துக்கு, மலிவாக் குழாயும் தகடும் ஸ்பிரிங்குமா வச்சு அடிச்சதுதான் இது. உள்ள ஒரு கனத்த இரும்புக்கட்டி, அதுக்குப் பேரு போல்ட்டு. பின்னாடி ஸ்பிரிங்கு. தோட்டா ரொப்புற ரவைப் பெட்டி பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு நிக்கும். பெட்டி மாட்டியிருக்கும்போது கட்டை கீழ படுறாப்புல விழுந்துச்சுன்னா, போல்ட்டு எகிறிப் பின்னுக்குப் போயி, திரும்பி வரும்போது ரவையத் தள்ளி வெடிச்சுப்பிடும். விசையத் தொடவே வேணாம். எங்க வீட்டுக்காரரு கண்ணு முன்னாடியே லாரியில இருந்து குதிச்ச ஒரு பய அப்படித்தான் செத்தானாம்.

பின்னால வந்த துப்பாக்கியில போல்ட்டு எகிறாம பூட்டு வச்சுட்டாகளாம், தூக்கி எறிஞ்சாலும் வெடிக்காதாம். பட்டாளத்துல இருந்து லீவுல வந்த பய ஒருத்தன் ரொம்ப வருசம் கழிச்சு எங்கிட்டச் சொன்னான். நல்லா வச்சாய்ங்க, போங்க.

எங்க வீட்டுக்காரரு பண்ணையார் வீட்டுக்கே போயி, பெட்டியக் கழட்டித் தனியா வைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. அதுக்குள்ள ஆயுத பூசை வந்துருச்சு. எங்க பக்கம் சாமி முன்னாடி எதையும் வெறுசா வைக்க மாட்டாக. மரக்கா வச்சா நெல்லு இருக்கணும், சட்டி வச்சா எண்ணெ இருக்கணும். பண்ணையார் சம்சாரம், "துப்பாக்கிய மட்டும் வெறுசா வச்சா வீடு வெளங்குமா?"ன்னு ரவைப் பெட்டிய நெறச்சு மாட்டவிட்டுருச்சு. எங்க வீட்டுக்காரரு தடுத்துப் பாத்தாரு. "பட்டாளத்துல அடுப்படியிலதான் இருந்தியாப்பா?"ன்னு பண்ணையாரு கேக்க, கூட்டமே சிரிச்சுச்சு. இவரு மூஞ்சி செத்துப்போச்சு. நான் அங்கனதான் நின்னேன். அந்தச் சிரிப்ப நெனச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது.

மறுநா காலையில சாமி முன்னாடி இருந்ததையெல்லாம் எடுத்தாக. துப்பாக்கி பூரா சந்தனமும் எண்ணெயுமா வழுவழுன்னு கெடந்துச்சு. என் தம்பி தூக்குனான். கை நழுவிக் கட்டை தரையில நச்சுன்னு பட்டுச்சு. எதுக்க குனிஞ்சு அருவா எடுத்துக்கிட்டிருந்த பண்ணைக் கணக்குப்பிள்ளைக்கு ரவை கழுத்துல பாஞ்சிருச்சு. பாவி மனுசன், அம்மான்னு சொல்லக்கூட நேரமில்ல.

போலீசு வந்துச்சு. பண்ணையாரு துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "துப்பாக்கி எங்கருந்து வந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. கணக்குப்பிள்ளைக்கும் இவனுக்கும் ஆகாது. சுட்டுட்டான்"னு சொல்லிட்டாரு. ஊருல அவர எதுத்துச் சாட்சி சொல்ல எவன் வருவான்? அப்பிடின்னா என் தம்பிக்குத் தூக்குதான். நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே எங்க வீட்டுக்காரரு சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

ஸ்டேசன் சன்னல்கிட்ட நின்னு நான் பாத்தேன். பண்ணையாரு உள்ள நாற்காலியில உக்காந்திருந்தாக. ஆமா, அந்த ஆளுக்கும் மரியாதை குடுத்துப் பழகின வாயி இது! எங்க வீட்டுக்காரரு ரவையெல்லாம் வெளிய எடுத்துட்டு, வெறுந்துப்பாக்கியோட கட்டையத் தரையில ஒரு குத்து குத்தினாரு. உள்ள போல்ட்டு டக்குன்னு எகிறி விழுந்துச்சு. இன்ஸ்பெக்டரு தானே வாங்கிக் குத்திப் பாத்தாரு. அதே சத்தம். அப்புறம் இவரு அதக் கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள பிரிச்சு மேசையில பரப்பி, திரும்பப் பூட்டிக் குடுத்தாரு. இன்ஸ்பெக்டரு தலையாட்டி, "சரி, இது கொலை இல்ல"ன்னாரு.

"அப்ப துப்பாக்கி யாருது?"ன்னு கேட்டாரு.

"பண்ணையாரோடது"ன்னு இவரு சொன்னாரு.

பண்ணையாரு சிரிச்சாரு. "இம்புட்டு வேகமாப் பிரிச்சுப் பூட்டுறானே, இவன் பட்டாளத்துல இருந்து களவாண்டுட்டு வந்ததுங்க. வேணும்னா இவன் மச்சினனையே கேளுங்க."

தம்பியக் கூட்டியாந்தாக. பண்ணையாரு அவனப் பாத்து, "நெசத்தச் சொல்லுடா. வீட்டுக்குப் போகணுமா இல்லையா?"ன்னாரு. அவன் மச்சான் மூஞ்சியப் பாக்கல. "மச்சான் கொண்டாந்ததுதான்"னு சொல்லிக் கைநாட்டு வச்சான். எங்க வீட்டுக்காரரு அவன் பெருவெரல்ல இருந்த மையையே பாத்துக்கிட்டு நின்னாரு. அவர மதுரை செயிலுக்குக் கொண்டு போயிட்டாக.

அன்னைக்குப் பொழுதிறங்க தம்பி எங்க வாசல்ல வந்து, "அக்கா, பசிக்குது"ன்னான். வெளக்குமாத்த எடுத்தேன். எடுத்தவ அப்படியே கீழ போட்டுட்டேன். நான் தூக்கி வளத்த பய. சோத்தப் போட்டுட்டு, "ஏண்டா இப்பிடிப் பண்ணுன? உன் உசுரக் காப்பாத்தத்தானேடா அவரு வந்தாரு?"ன்னு கேட்டேன்.

வாயில சோத்த வச்சுக்கிட்டே சொன்னான்: "மச்சான் பட்டாளத்துல இருந்தவரு, அக்கா. செயிலெல்லாம் தாங்குவாரு. நான் தாங்கமாட்டேன்."

அவரு தாங்கல. மறு ஆயுத பூசைக்குள்ள அங்கன காய்ச்சல் கண்டு செத்துப்போனாரு. பொணத்த வாங்கிட்டுவர மாட்டுவண்டி குடுத்தது பண்ணையாரு, ஓட்டிட்டு வந்தது என் தம்பி.