நாற்பத்தாறு கேள்வியும் ஓர் எடை மெஷினும்

கேள்விக்காரி என்றால்தான் அந்த மாடி வீடுகளில் ஆளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டோடு சரி. தோளில் ஒரு பை, கையில் பரீட்சை அட்டை, அதில் நாற்பத்தாறு கேள்வி. ஒன்பது வருஷம் படியேறியதில் முழங்கால் இரண்டும் எண்ணெய் காணாத கதவு மாதிரி ஆகிவிட்டன. புருஷன் லாரியோடு போனான், லாரி மட்டும் திரும்பி வந்தது. எவளோடாவது போய்விட்டானா, எங்கேயாவது செத்துக் கிடக்கிறானா என்று அவள் விசாரிக்கவில்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்கிறவள் அந்த ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. மகளை வளர்க்க வேண்டியிருந்தது. பத்தாவது வரை படித்திருந்ததால் இந்த வேலை கிடைத்தது.

கடைசி மூன்று வருஷமாக ஒரே திட்டம். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் பணம். எல்லாருக்கும் கொடுக்கக் காசு பத்தாது என்று குலுக்கல் போட்டார்கள். பேர் விழுந்த வீட்டுக்குப் பணம், விழாத வீட்டுக்கு வெறும் கேள்வி. அந்தப் பணம் பிள்ளையின் வாய்க்குப் போய்ச் சேர்கிறதா என்று இரண்டு வகை வீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஆராய்ச்சி ஆபீசின் வேலை. சேர்ந்தால் எல்லாருக்கும் கொடுப்பார்கள். சேரவில்லை என்றால் கொடுத்ததையும் நிறுத்திவிடுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் டீ கிளாசோடு வந்து நின்றான்.

"அக்கா, கணக்கு வந்துடுச்சு. திட்டத்துக்குச் சங்குதான். பணம் வாங்குற வீட்டுப் பிள்ளைங்கதான் கம்மியாச் சாப்பிடுதுங்களாம். வாங்காத வீட்ல மூணு வேளையும் முட்டையும் பாலுமாம். வெள்ளிக்கிழமை அறிக்கை மேல போகுது."

கேள்விக்காரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அது நின்றுபோனது. அத்தனையும் அவள் கையால் எழுதியது.

அவளுக்குத்தானே தெரியும். மூன்றாவது மாடிக்காரி குலுக்கலில் விழுந்தவள். அவள் வீட்டுக் குப்பைக்கூடையில் முட்டை ஓடு கிடக்கும், பிள்ளை கன்னம் பன் மாதிரி இருக்கும். கேட்டால், "எங்கக்கா, ஒரு வேளை தின்னா பெரிசு" என்று மூக்கை உறிஞ்சுவாள். நல்லா இருக்கோம் என்று சொன்னால் பணத்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். கீழ் வீட்டுத் தையல்காரி குலுக்கலில் விழாதவள். அடுப்பு மேல் கவிழ்த்த பாத்திரம் மத்தியானம் வரை கவிழ்த்தபடியே இருக்கும். அவளோ, "மூணு வேளையும்தான். நடுவுல பாலு, முட்டை" என்று தையல் மெஷினை விட்டுத் தலை நிமிராமல் சொல்வாள். வாசலில் நிற்கிற வெளியாளிடம் என் பிள்ளை பட்டினி என்று எவள் சொல்வாள்? பக்கத்தில் நிற்கும் பிள்ளை முட்டை என்ற வார்த்தையைக் கேட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

சொன்னதை எழுது, பார்த்ததை எழுதாதே. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுத்த பாடம். அவளும் எழுதினாள், இருநூற்று நாற்பது வீட்டுக்கும்.

"தம்பி, இது தலைகீழா இருக்கு. அறிக்கை எழுதுற மேடத்துக்கிட்ட சொல்லணும்."

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்கக்கா. எழுதுனது யாரு? தப்புன்னு சொன்னா முதல்ல உங்க சீட்டுதான் கிழியும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. செவ்வாய், புதன் இரண்டு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். வியாழக்கிழமை, சனியன், வேலை போனால் போகட்டும் என்று மேடத்தின் அறைக் கதவைத் தட்டினாள்.

மேடம் அவள் மகளைவிட நாலு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுசாகக் கேட்டாள்.

"ஏன் பொய் சொல்லணும்? யார் என்ன சொன்னாலும் பணம் நிக்காதுன்னு முதல் பக்கத்துலயே எழுதியிருக்கோமே."

"அதைப் படிச்சுக் காட்டுறதே நான்தாம்மா. எவ்வளவு லீவு போட்டாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு உங்க முதலாளி சொன்னா நீங்க நம்பிடுவீங்களா?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்து, உடனே அடங்கியது. "மூணு வருஷமாத் தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"தெரிஞ்சேதான்."

"ஒரு தடவைகூட சொல்லணும்னு தோணலையா?"

"அந்த நாற்பத்தாறுல என்னைப் பார்த்துக் கேக்குற கேள்வி ஒண்ணுகூட இல்லையேம்மா."

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு, "அறிக்கை போகாது. வாயால சொன்னது வேண்டாம், பிள்ளைங்களை எடை போடுவோம். அதுவரைக்கும் பணம் நிக்காது" என்றாள். கதவுவரை வந்தவளைக் கூப்பிட்டு, "இருநூத்து நாற்பது வீட்டுக்கும் நீங்களே போங்க" என்றாள். தண்டனையா, நம்பிக்கையா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை. முழங்காலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சூப்பர்வைசர் எடை மெஷினைக் கொண்டுவந்து அவள் தோளில் மாட்டினான். "உண்மை ரொம்ப கனம்க்கா, பார்த்துத் தூக்குங்க."

"உன் மண்டை மாதிரி காலியா இருந்தா லேசா இருந்திருக்கும், போடா."

தையல்காரி மெஷினைப் பார்த்ததும் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது பிள்ளையின் மோவாயில் தண்ணீர் சொட்டியது, வயிறு மத்தளம் மாதிரி இருந்தது.

"எத்தனை டம்ளர்டி?"

"மூணு," என்றாள் தையல்காரி, தரையைப் பார்த்துக்கொண்டு. "குறைச்சலா இருந்தா நான் சரியாப் பார்த்துக்கலைன்னு எழுதிருவீங்கல்ல?"

"இந்த மெஷினுக்கு அம்மா யாரு, அப்பா யாருன்னு தெரியாதுடி. பிள்ளைய மட்டும்தான் தெரியும். அது ஒண்ணுக்குப் போயிட்டு வரட்டும், நான் இருக்கேன்."

அரை மணி நேரம் படியில் உட்கார்ந்து காலை நீவிவிட்டாள். பிள்ளை இரண்டு தடவை போய் வந்தது. மூன்று வயசுக்குப் பத்து கிலோ தேறவில்லை. எழுதினாள். தையல்காரி எட்டிப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 

மறுநாள் காலை மூன்றாவது மாடி. ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும் மெஷினை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினாள். செய்தி அதற்குள் மேலே ஏறிவிட்டிருந்தது. கதவு திறந்தே கிடந்தது. கன்னம் உப்பிய பிள்ளை தரையில் உட்கார்ந்து சிணுங்கிக்கொண்டிருந்தது.

"வாங்கக்கா, சீக்கிரம் போட்டுருங்க," என்றாள் மூன்றாவது மாடிக்காரி. "நேத்து ராத்திரியில இருந்து பச்சைத் தண்ணிகூட குடுக்கல."

கேள்விக்காரி மெஷினைச் சுவரோரம் சாய்த்தாள். வாசற்படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அடிப்பாவி," என்றாள். "முதல்ல அதுக்குச் சாப்பாடு போடு."