ஸ்டெல்லா டீச்சர் உலர்த்திய புத்தகங்கள்

ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோதுதான் எங்கள் பழைய மாணவி யோகேஸ்வரியின் அழைப்பு வந்தது. "சேர், நம்ம ஸ்டெல்லா டீச்சர் தவறிட்டாங்க" என்றவள் அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். மூன்று நாள் காய்ச்சலாம். நான் ஏறவேண்டிய பஸ் கண்முன்னாலேயே புறப்பட்டுப் போனது. கையைக் காட்டி நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பல வருடங்கள் அடுத்தடுத்த வகுப்பறைகளில் கற்பித்தவர்கள் நாங்கள். அவரை அறிந்து இந்த அஞ்சலியை வாசிக்கும் உங்களிடம் அவர் பெருமையைச் சொல்ல நான் தேவையில்லை. என் தவறு ஒன்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நூலகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. நூலகம் என்றால் ஓர் இரும்பு அலுமாரி. நன்கொடையாக வந்த கதைப் புத்தகங்களுக்கெல்லாம் பொலித்தீன் உறை போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அதிகாரிகள் வரும்போது மட்டும் திறந்து காட்டுவேன். "எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்!" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

ஒரு வருடம் மழை விடவே இல்லை. ஸ்டெல்லா டீச்சர் நச்சரித்து அலுமாரியைத் திறக்க வைத்தார். உள்ளே பூஞ்சணம். உறைக்குள் ஈரம் கோத்துப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. ஒரு பிள்ளையின் கைகூடப் படாமல் அவற்றைக் கெடுத்தவன் நான்.

"விடுங்க சேர். கொழுந்தையே வாட்டி எடுக்கிற ஊரு இது. புத்தகத்தை வாட்ட முடியாதா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்த கையோடு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய் அதன் பொறுப்பாளரான டீமேக்கரைப் பிடித்தார். "தொர பார்த்தா என் வேலை போயிரும் டீச்சர்" என்று அவர் நழுவப் பார்த்தார். "ஒங்க மகளும் எங்க பள்ளிக்கூடத்துலதானே படிக்கிறா?" என்று கேட்டதும் மனிதர் அடங்கிவிட்டார். கொழுந்து வாட்டும் மாடியில் காலியாகக் கிடந்த நீண்ட கம்பிவலைத் தட்டில் சாக்கு விரித்து, புத்தகங்களைப் பிரித்துப் பரப்பினோம். கீழிருந்து விசிறிக் காற்று வீசியது. பக்கம் பிரித்துவிட வந்த பிள்ளைகள் பிரித்த பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வகுப்பில் வாயே திறக்காத யோகேஸ்வரி எழுத்துக்கூட்டி உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள்.

சில பக்கங்கள் கிழிந்தே வந்தன. கிழிந்துபோன பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லி அந்த இடத்தில் ஒட்டினார் டீச்சர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அச்சடிச்ச புத்தகத்துல பிள்ளைங்க கிறுக்கிறதா?"

"ஒரு பக்கம் எழுத, முன்னையும் பின்னையும் மூணு தரம் வாசிக்குதுங்க சேர். நீங்களும் நானும் கெஞ்சினா ஒரு தரம் வாசிக்குமா?"

நான் இடமாற்றம் பெற்றுப் போனபோது ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தார். வழிதவறிய யானைக்குட்டியின் கதை. கடைசிப் பக்கம் இல்லை. "இது ஒங்க பங்கு. எழுதிக் குடுங்க" என்றார். பார்க்கும்போதெல்லாம் "எழுதிட்டீங்களா?" என்பார். "நேரம் எங்க டீச்சர்?" என்பேன். நான் அதைப் படிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

அடக்கம் முடிந்து வந்ததும் மனம் பொறுக்காமல் அதைப் படித்து, கடைசிப் பக்கத்தை எழுதி ஒட்டினேன். குட்டி தாயோடு சேர்ந்துவிடுகிறது. இப்போது அதே பாடசாலையில் கற்பிக்கும் யோகேஸ்வரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சேர், தாய் யானைதான் நடுவுலயே செத்துப்போச்சே."

"எங்கே? நான் பார்க்கலயே."

"கையெழுத்துல ஒட்டியிருக்கே, அந்தப் பக்கத்துல. ஆறாம் வகுப்புல நான் எழுதினது. அச்சடிச்சத மட்டும் வாசிச்சீங்களா?"

அவள் என் பக்கத்தைக் கிழிக்கவில்லை. புத்தகத்தை அப்படியே திருப்பித் தந்தாள். "மறுபடி வாசிச்சிட்டு எழுதுங்க சேர். டீச்சரா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாங்க."

ஸ்டெல்லா டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் புத்தகம். இன்றும் தேயிலை மணக்கிறது. இந்த முறை பிள்ளைகளின் கையெழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன்.